புள்ளி ஒன்றுதானே என்று விடலாமா? லேப்டாப் திரையைச் சோதித்து வாங்குவோம்



குழுக்களின் உள்கடன் பட்டியலைப் பார்த்தால் ஒரு மாற்றம் தெரிகிறது. ஆடு, கறவை மாடு, தையல் மிஷின், காதுகுத்து, ஆஸ்பத்திரிச் செலவு என்று இருந்த காரணங்களோடு இப்போது "மகளுக்கு லேப்டாப்", "பையன் காலேஜ் படிப்புக்கு லேப்டாப்" என்பதும் சேர்ந்துவிட்டது. 2011-ஆம் ஆண்டில் தமிழக அரசு பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோதுதான் நம்மில் பல வீடுகளுக்குள் லேப்டாப் முதன்முதலாக வந்தது. அது இலவசமாக வந்தது. இப்போது நாம் காசு கொடுத்து வாங்குகிறோம். அதுவும் கடன் வாங்கிய காசு.

புடவை எடுக்கப் போனால் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்து, இழை விட்டிருக்கிறதா என்று பார்க்காமல் எடுக்க மாட்டோம். மாடு பிடிக்கப் போனால் பல்லைப் பார்ப்போம், சுழி பார்ப்போம், மடியைத் தொட்டுப் பார்ப்போம். லேப்டாப் கடையில் மட்டும் "நமக்கு என்னங்க தெரியும்" என்று ஒதுங்கி நின்றுவிடுகிறோம். தெரிந்துகொள்ள முடியாத விஷயம் ஒன்றும் அதில் இல்லை. அதில் முக்கியமான ஒன்றான திரையைச் சோதிப்பது எப்படி என்பதை இந்தப் பாடத்தில் படிப்போம்.

இந்தப் பாடத்தில் நாம் தெரிந்துகொள்ளப் போவது:

1. திரையில் விழும் குறைப்புள்ளி என்றால் என்ன?
2. அதைக் கடையிலேயே கண்டுபிடிப்பது எப்படி?
3. புள்ளி இருந்தால் யாரிடம், எத்தனை நாளுக்குள், என்ன கேட்கலாம்?

திரை என்பது ஒரு பெரிய புள்ளிக்கோலம்

மார்கழி மாதம் வாசலில் வரிசையாகப் புள்ளி வைக்கிறோம். கிட்டே நின்றால் புள்ளி தெரியும். தள்ளி நின்று பார்த்தால் கோலம் தெரியும். லேப்டாப் திரையும் அப்படித்தான். நாம் பார்க்கும் படம், எழுத்து எல்லாமே கண்ணுக்குத் தனியாகத் தெரியாத சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனவை. ஒவ்வொரு புள்ளிக்கும் பிக்சல் என்று பெயர்.

எத்தனை புள்ளி இருக்கும்? இப்போது பரவலாக விற்கும் "ஃபுல் எச்.டி." திரையில் அகலத்தில் 1,920 புள்ளி, உயரத்தில் 1,080 வரிசை. பெருக்கிப் பாருங்கள்: 20,73,600 புள்ளிகள். விலை குறைந்த பழைய மாடல்களில் 1,366 பெருக்கல் 768, அதாவது 10,49,088 புள்ளிகள். 15.6 அங்குலத் திரையில் இந்தப் பழைய வகைப் புள்ளி ஒன்றின் அகலம் சுமார் கால் மில்லிமீட்டர்தான்.

ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் மூன்று குட்டிப் புள்ளிகள் இருக்கின்றன. ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை, ஒன்று நீலம். திரைக்குப் பின்னால் எப்போதும் வெள்ளை விளக்கு எரிகிறது. ஒவ்வொரு குட்டிப் புள்ளியும் ஒரு ஜன்னல் மாதிரி. ஜன்னலில் நிறக் கண்ணாடி பதித்திருக்கிறது. அதற்குப் பின்னால் கதவு போல வேலை செய்வது திரவப் படிகம் என்ற பொருள். அந்தக் கதவைத் திறக்கவும் மூடவும் ஒவ்வொரு ஜன்னலுக்கும் டிரான்சிஸ்டர் என்ற ஒரு மிகச் சிறிய மின்சார சுவிட்சு உண்டு. கதவு திறந்தால் வெளிச்சம் வரும். மூடினால் இருட்டு.

மூன்று ஜன்னலும் திறந்தால் வெள்ளை. மூன்றும் மூடினால் கறுப்பு. சிவப்பும் பச்சையும் மட்டும் திறந்தால் மஞ்சள். கோலப்பொடியில் சிவப்பையும் பச்சையையும் கலந்தால் மஞ்சள் வராதே என்று கேட்கலாம். பொடியைக் கலப்பது வேறு, வெளிச்சத்தைக் கலப்பது வேறு. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பயன்படும்.

குறைப்புள்ளி எப்படி வருகிறது?

20 லட்சம் பிக்சல், ஒவ்வொன்றிலும் மூன்று ஜன்னல் என்றால் 62,20,800 சுவிட்சுகள். இவ்வளவையும் ஒரே கண்ணாடித் தகட்டின் மேல் செய்கிறார்கள். தயாரிக்கும்போது ஒரு தூசி விழுந்தாலும் ஏதோ ஒரு சுவிட்சு கெட்டுப்போகலாம். பிறகு திரையில் அடி பட்டாலும் அழுத்தம் விழுந்தாலும் கெடலாம். கெட்ட சுவிட்சு இருக்கும் ஜன்னல் திறக்காமலே போகும், அல்லது மூடாமலே போகும். இதில் மூன்று வகை உண்டு.

செத்த புள்ளி: ஆங்கிலத்தில் டெட் பிக்சல் என்பார்கள். மூன்று ஜன்னலும் திறக்காது. எந்தப் படம் வந்தாலும் அந்த இடம் கறுப்பாகவே இருக்கும். வெள்ளைத் திரையில் நன்றாகத் தெரியும்.

மாட்டிக்கொண்ட புள்ளி: ஸ்டக் பிக்சல் என்பார்கள். ஏதாவது ஒரு நிற ஜன்னல் திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கும். கறுப்புத் திரையில் சிவப்பாகவோ பச்சையாகவோ நீலமாகவோ ஒரு புள்ளி மினுங்கும்.

அணையாத புள்ளி: மூன்று ஜன்னலும் மூடவே மூடாது. கறுப்புத் திரையில் வெள்ளைப் புள்ளியாக நட்சத்திரம் போலத் தெரியும்.

ஒரே ஒரு நிற ஜன்னல் மட்டும் செத்துப்போவதும் உண்டு. அப்போது வெள்ளைத் திரையில் கறுப்புப் புள்ளி வராது, நிறப்புள்ளி வரும். நீலம் செத்திருந்தால் மீதி இருக்கும் சிவப்பும் பச்சையும் சேர்ந்து மஞ்சள் புள்ளி தெரியும். பச்சை செத்திருந்தால் ரோஸ் கலந்த ஊதாப் புள்ளி. சிவப்பு செத்திருந்தால் பச்சை கலந்த நீலப் புள்ளி.

"இத்தனூண்டு புள்ளியால் என்ன ஆகிவிடும்?" என்று கேட்கலாம். திரையின் ஓரத்தில் இருந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. நடுவில் இருந்தால் தொல்லை. படிக்கும் பிள்ளையின் கண் ஒவ்வொரு முறையும் அங்கேயே போய் நிற்கும். கணக்கு எழுதுகிறவர்களுக்கு இன்னொரு சங்கடமும் இருக்கிறது. திரையில் தசமப் புள்ளியும் ஒன்றிரண்டு பிக்சல் அளவுதான். 1250 என்ற எண்ணுக்கு நடுவே ஒரு கறுப்புப் புள்ளி வந்து உட்கார்ந்தால் 12.50 என்று படித்துவிடலாம். சந்தேகம் வந்தால் பக்கத்தைக் கொஞ்சம் மேலே நகர்த்திப் பாருங்கள். எழுத்தோடு சேர்ந்து நகர்ந்தால் அது கணக்கில் உள்ள புள்ளி. அதே இடத்தில் நின்றால் திரையில் உள்ள புள்ளி.

சோதிப்பது எப்படி?

கடைக்குப் போவதற்கு முன்பே ஒரு சின்ன ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளை ஒருவரை வைத்து, பெயிண்ட் என்ற படம் வரையும் பகுதியில் ஐந்து படங்கள் செய்து பென்டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படமும் முழுக்க ஒரே நிறம்.

ஒரு எச்சரிக்கை. பெயிண்டில் தட்டு மாதிரி வரிசையாக இருக்கும் நிறங்களை அப்படியே எடுக்க வேண்டாம். அங்கே உள்ள சிவப்பில் கொஞ்சம் பச்சையும் நீலமும் கலந்திருக்கும். கலப்படச் சிவப்பில் சோதனை சரியாக வராது. "எடிட் கலர்ஸ்" என்ற இடத்தில் எண்ணைப் போட்டுத் தூய நிறம் எடுக்க வேண்டும். ரெட், கிரீன், புளூ என்ற மூன்று கட்டத்தில் முறையே போட வேண்டிய எண்கள்:

வெள்ளை: 255, 255, 255
கறுப்பு: 0, 0, 0
சிவப்பு: 255, 0, 0
பச்சை: 0, 255, 0
நீலம்: 0, 0, 255

இதை ஒருமுறை செய்தால் போதும். கூட்டமைப்பு அலுவலகத்தில் ஒரு பென்டிரைவில் வைத்துக்கொண்டால் எல்லாக் குழுவும் எடுத்துப் போகலாம்.

இனி கடையில் செய்ய வேண்டியவை:

1. பெட்டியை நம் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். ஷோகேஸில் வைத்திருக்கும் லேப்டாப்பில் திரையைப் பார்த்துவிட்டு, ஒட்டிய பெட்டியை அப்படியே வாங்கி வரக் கூடாது. நாம் சோதிக்க வேண்டியது நம் வீட்டுக்கு வரப்போகும் லேப்டாப்பை.

2. லேப்டாப்பை இயக்குவதற்கு முன், மெல்லிய உலர்ந்த பருத்தித் துணியால் திரையை மெதுவாகத் துடைக்கச் சொல்லுங்கள். தூசியும் புள்ளி மாதிரியே தெரியும். தண்ணீர் தெளிக்கவோ அழுத்தித் தேய்க்கவோ கூடாது.

3. திரையின் வெளிச்சத்தை முழுவதும் கூட்டுங்கள். கடைக்குள் டியூப்லைட் வெளிச்சம் திரையில் பட்டுத் தெறித்தால் லேப்டாப்பைத் திருப்பி வையுங்கள். கறுப்புத் திரையைப் பார்க்க நிழலான இடம் தேவை.

4. பென்டிரைவில் உள்ள படத்தின் மேல் மவுஸின் வலது பட்டனை அழுத்தினால் "செட் ஆஸ் டெஸ்க்டாப் பேக்ரவுண்ட்" என்று வரும். அதைத் தேர்ந்தெடுத்தால் அந்த நிறம் திரை முழுவதும் பரவும். சின்னப் படங்கள் (ஐகான்) மறைக்கின்றன என்றால், திரையில் காலியான இடத்தில் வலது பட்டனை அழுத்தி, "வியூ" என்பதில் "ஷோ டெஸ்க்டாப் ஐகான்ஸ்" என்பதை எடுத்துவிடுங்கள். அடியில் இருக்கும் பட்டையையும் மறைத்துக்கொள்ளலாம்.

5. முதலில் வெள்ளை, அடுத்து கறுப்பு, பிறகு சிவப்பு, பச்சை, நீலம். ஒவ்வொரு நிறத்திலும் ஒரு நிமிடமாவது பாருங்கள். நாற்று நடுவது போல வரிசையாக இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்று கண்ணை ஓட்டுங்கள். நான்கு மூலைகளையும் விடாதீர்கள்.

6. ஒரு தாளில் திரை மாதிரி ஒரு கட்டம் போட்டு, அதை மூன்றுக்கு மூன்று என்று ஒன்பது கட்டமாகப் பிரியுங்கள். கிராம வரைபடம் போட்ட நமக்கு இது பெரிய வேலை இல்லை. புள்ளி எந்தக் கட்டத்தில், எந்த நிறத் திரையில், என்ன நிறத்தில் தெரிந்தது என்று குறியுங்கள்.

எல்லாம் சேர்த்துப் பத்து நிமிட வேலை. கடையில் இருக்கும் பையன் "அக்கா, எல்லாம் கம்பெனியிலேயே செக் பண்ணித்தான் அனுப்புறாங்க" என்று அவசரப்படுத்தலாம். "இருக்கட்டும் தம்பி, நாங்களும் ஒரு தடவை பார்த்துக்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் பாருங்கள். காசு நம்முடையது.

எல்லாப் புள்ளியும் குறைப்புள்ளி இல்லை

புள்ளியைப் பார்த்ததும் பதற வேண்டாம். கீழே உள்ளவற்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

தூசி: துடைத்தால் போகும். சில சமயம் திரைக்கு உள்ளேயே தூசி இருக்கும். அது பிக்சல் போலத் துல்லியமான சதுரமாக இல்லாமல் மங்கலாகத் தெரியும். புது லேப்டாப்பில் இதுவும் வேண்டாம்.

அழுத்தத் தழும்பு: வெள்ளைத் திரையில் வட்டமாக ஒரு வெளிறிய திட்டு. பெரும்பாலும் எங்கோ அழுத்தம் பட்டதால் வருவது. பழைய லேப்டாப் வாங்கும்போது இதைக் கவனியுங்கள்.

கோடு: மேலிருந்து கீழாகவோ குறுக்காகவோ முழு நீளத்துக்கு ஒரு கோடு. ஒரு புள்ளி கெட்டதால் இது வராது. ஒரு வரிசைக்கே மின்சாரம் கொண்டுபோகும் பகுதியிலோ கேபிளிலோ கோளாறு இருந்தால் வரும். கோடு இருந்தால் வாங்கவே கூடாது.

படத்திலேயே இருக்கும் புள்ளி: திரையை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒரு செல்போனுக்கு அனுப்பிப் பாருங்கள். போனிலும் அந்தப் புள்ளி தெரிந்தால் அது படத்தில் உள்ளது, திரையில் குறை இல்லை. போனில் தெரியாமல் லேப்டாப்பில் மட்டும் தெரிந்தால் திரையில்தான் குறை.

"ரெண்டு மூணு புள்ளி இருக்கத்தான் செய்யும்" என்பது உண்மையா?

கடையில் இப்படிச் சொல்வார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. அது என்ன என்று தெரிந்தால்தான் மீதிப் பாதிக்குப் பதில் சொல்ல முடியும்.

ஐ.எஸ்.ஓ. என்ற உலகத் தர நிர்ணய அமைப்பு 2001-ஆம் ஆண்டில் 13406-2 என்ற தரத்தை வெளியிட்டது. அதில் திரைகளை நான்கு வகுப்பாகப் பிரித்தார்கள். முதல் வகுப்பில் ஒரு குறைப்புள்ளிகூட இருக்கக் கூடாது. இரண்டாம் வகுப்பில், 10 லட்சம் பிக்சலுக்கு அணையாத புள்ளி 2, செத்த புள்ளி 2, ஒரு நிற ஜன்னல் மட்டும் கெட்டது 5 வரை இருக்கலாம். மூன்றாம் வகுப்பில் இதுவே 5, 15, 50. 2008-ஆம் ஆண்டில் அந்தத் தரத்தின் இடத்தில் 9241 என்ற எண்ணில் புதிய தர வரிசை வந்தது. வகுப்பு பிரிக்கும் முறை அதிலும் தொடர்கிறது.

ஆக, இத்தனை புள்ளி வரை "குறை" என்று எண்ண மாட்டோம் என்று கம்பெனிகள் சொல்வதற்கு ஓர் அடிப்படை உண்டு. ஆனால் எல்லாக் கம்பெனிக்கும் ஒரே கணக்கு இல்லை. ஒவ்வொன்றும் தன் வாரண்டியில் தன் கணக்கை வைத்திருக்கிறது. சில மாடல்களுக்கு ஒரே ஒரு ஒளிப்புள்ளி இருந்தாலும் திரையை மாற்றித் தரும் கம்பெனிகளும் உண்டு. அதனால் "ரெண்டு மூணு இருக்கும்" என்று வாயால் சொல்வதை ஏற்க வேண்டாம். "இந்த மாடலுக்கு எத்தனை புள்ளி வரை மாற்றித் தர மாட்டீர்கள்? எங்கே எழுதியிருக்கிறது, காட்டுங்கள்" என்று கேளுங்கள்.

இன்னொன்று முக்கியம். கம்பெனியின் கணக்கு என்பது வாங்கிய பிறகு மாற்றித் தருவதற்கான கணக்கு. பணம் கொடுப்பதற்கு முன்னால் "இது வேண்டாம், வேறு பெட்டி பிரியுங்கள்" என்று சொல்ல எந்தக் கணக்கும் தேவை இல்லை.

இரண்டு சகோதரிகளின் அனுபவம்

எங்கள் பகுதிக் குழு ஒன்றில் பூக்கட்டி விற்கும் ஒரு சகோதரி, பி.காம். படிக்கும் மகளுக்காக உள்கடன் 30,000 ரூபாய் வாங்கி லேப்டாப் எடுத்தார். கடையில் திரையைப் பார்க்கவில்லை. 20-ஆம் நாள் இரவு மகள் ஒரு பாடம் பார்த்துக்கொண்டிருந்தபோது, கறுப்புப் பகுதியின் நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. துடைத்தார்கள், போகவில்லை. கடைக்குப் போனால் "ஏழு நாளுக்குள்ள வந்திருக்கணும் அக்கா" என்றார்கள். பில்லில் அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை. அதைக் காட்டியதும் "ஒரு புள்ளி இருந்தா கம்பெனி கணக்குப்படி குறையே இல்லை" என்று பேச்சை மாற்றினார்கள். குழு ஊக்குநரின் துணையோடு எழுத்துமூலம் புகார் கொடுத்து, நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்தார். இரண்டு மாத இழுபறிக்குப் பிறகு கடைக்காரர் 1,500 ரூபாய் திருப்பிக் கொடுத்தார். லேப்டாப்பை மாற்றித் தரவில்லை. இதற்காக அவர் டவுனுக்கு நான்கு நடை போனார், நான்கு நாள் வியாபாரம் போனது.

அந்த 30,000 ரூபாய்க்கு அவர் கட்டுவது எவ்வளவு என்று கணக்குப் போடுவோம். 20 தவணை, மாதம் அசல் 1,500. வட்டி நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய். முதல் மாத வட்டி 300, கடைசி மாதம் 15. மொத்த வட்டி 3,150. ஆக 33,150 ரூபாய். கடைசித் தவணை கட்டும் வரை அந்தச் சிவப்புப் புள்ளியையும் பார்த்துக்கொண்டேதான் கட்டுகிறார்.

இன்னொரு குழுவின் சகோதரி இதைக் கேள்விப்பட்டு, பென்டிரைவோடு கடைக்குப் போனார். கறுப்புத் திரையில் ஓரமாக ஒரு பச்சைப் புள்ளி இருந்தது. "தம்பி, இது வேண்டாம்" என்றார். பையன் "அது தூசிக்கா" என்றான். துடைத்தும் போகவில்லை. முதலாளி வந்து பார்த்தார், மறுபேச்சுப் பேசாமல் வேறு பெட்டி பிரித்துக் கொடுத்தார். இரண்டு பேருக்கும் நடுவே இருந்த வித்தியாசம் பத்து நிமிடம்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. 1986-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம் இது. நமக்குத் தேவையான செய்திகள்:

பொருள் விற்றுவிட்டுப் பில் தராமல் இருப்பது நேர்மையற்ற வணிக முறை. பில் கேட்பது நம் உரிமை.

குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர, பில்லில் எத்தனை நாள் குறித்திருக்கிறதோ அத்தனை நாள். பில்லில் நாள் குறிக்காவிட்டால் 30 நாள். அதற்குள் கேட்டும் மறுத்தால் அதுவும் நேர்மையற்ற வணிக முறைதான்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே புகார் பதிவு செய்தால் கம்பெனியிடம் கொண்டுபோவார்கள்.

அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் பேச வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும்.

ஆனால் ஒரே ஒரு புள்ளியைக் குறை என்று ஏற்பார்களா என்பது, என்ன சொல்லி விற்றார்கள், வாரண்டியில் என்ன எழுதியிருக்கிறது என்பதையெல்லாம் பொறுத்தது. அதனால்தான் பணம் கட்டும்போதே பில்லில் ஒரு வரி எழுதி வாங்குங்கள்: "திரையில் குறைப்புள்ளி இருந்தால் 15 நாளுக்குள் வேறு லேப்டாப் மாற்றித் தரப்படும்." கையெழுத்தும் கடை முத்திரையும் இருக்கட்டும். எழுத மறுக்கும் கடையில் ஏன் வாங்க வேண்டும் என்று யோசியுங்கள்.

ஆன்லைனில் வாங்கினால் கடையில் சோதிக்க வழி இல்லை. பெட்டியைப் பிரிப்பது முதல் ஐந்து நிறச் சோதனை முடியும் வரை வேறொரு செல்போனில் நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். பெட்டி வந்த அன்றே சோதியுங்கள். திருப்பி அனுப்ப எத்தனை நாள் என்பதை வாங்குவதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

புள்ளியைச் சரி செய்ய முடியுமா?

செத்த புள்ளி பிழைக்காது. மாட்டிக்கொண்ட நிறப்புள்ளி சில சமயம் சரியாகும். நிறங்களை வேகவேகமாக மாற்றிக் காட்டும் மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றைச் சில மணி நேரம் ஓடவிட்டால் சில புள்ளிகள் விடுபடும், பல விடுபடாது. உறுதி கிடையாது.

விரலால் அழுத்து, பேனா முனையால் குத்து என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒரு புள்ளி பத்துப் புள்ளி ஆகிவிடலாம். வாரண்டியும் போய்விடும். "புள்ளியை மட்டும் எடுத்துத் தருகிறேன், இவ்வளவு ரூபாய் கொடுங்கள்" என்று சொல்கிறவரிடமும் ஏமாறாதீர்கள். கடைகளில் செய்யக்கூடியது முழுத் திரையையும் மாற்றுவது மட்டுமே. அது செலவு பிடிக்கும் வேலை.

ஏற்கெனவே வாங்கிய லேப்டாப்பில் புள்ளி இருக்கிறதா? மனதை விட்டுவிடாதீர்கள். தனிப் புள்ளி ஒன்று நோய் போலப் பக்கத்துக்குப் பரவாது. அடிபட்டதால் வந்த கறுப்புத் திட்டுதான் பெரிதாகிக்கொண்டே போகும். லேப்டாப்பின் மற்ற வேலை எதையும் புள்ளி கெடுப்பதில்லை. பிள்ளை தாராளமாகப் படிக்கலாம். பழைய லேப்டாப் வாங்கும்போது ஓரத்தில் ஒரு புள்ளி இருந்தால், அதைக் காட்டி விலையைக் குறைத்துக் கேட்டு வாங்கலாம். புது லேப்டாப்பில் ஒரு புள்ளியும் வேண்டாம்.

திரையைப் பாதுகாக்க இரண்டு சொல்: கீபோர்டு மேல் பேனா, இயர்போன் எதையும் வைத்துவிட்டு மூடக் கூடாது. மூடிய லேப்டாப் மேல் புத்தகக் கட்டு அடுக்கக் கூடாது.

குழுக் கூட்டத்தில் பேச

1. வெள்ளைத் திரையில் மஞ்சள் புள்ளி தெரிகிறது. எந்த நிற ஜன்னல் செத்திருக்கிறது?
2. கறுப்புத் திரையில் பச்சைப் புள்ளி தெரிகிறது. அது செத்த புள்ளியா, மாட்டிக்கொண்ட புள்ளியா?
3. பில்லில் நாள் எதுவும் எழுதவில்லை. குறையுள்ள பொருளைத் திருப்பித் தர எத்தனை நாள்?
4. நம் குழுவில் யார் வீட்டில் லேப்டாப் இருக்கிறது? அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவந்து ஐந்து நிறச் சோதனையை எல்லோரும் ஒருமுறை செய்து பார்ப்போமா?

விடை: 1. நீலம். 2. மாட்டிக்கொண்ட புள்ளி. 3. 30 நாள்.

தீர்மான நோட்டில் எழுத ஒரு மாதிரி: "லேப்டாப் வாங்க உள்கடன் பெறும் உறுப்பினருடன் ஊக்குநர் அல்லது பிரதிநிதி ஒருவர் கடைக்குச் செல்ல வேண்டும் என்றும், ஐந்து நிறச் சோதனை முடித்த பிறகே பணம் செலுத்த வேண்டும் என்றும், பில்லின் நகலைக் குழுவில் கொடுக்க வேண்டும் என்றும் ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

சகோதரிகளே, கடையில் பத்து நிமிடம் நின்று பார்ப்பது யாரையும் சந்தேகப்படுவது ஆகாது. நம் சேமிப்பிலிருந்து போகும் பணத்துக்கு நாம் கொடுக்கும் மரியாதை அது. பார்த்து வாங்குவோம், பில்லோடு வாங்குவோம்.